கை பட்டுவிட்டது

ஜூன் 16, திங்கள்

என்னிடம் இப்போது இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று திட்ட அலுவலகத்துக்கு. "பயிற்சியாளர் தினமும் கைப்பட நாட்குறிப்பு எழுத வேண்டும்" என்று உத்தரவு. இன்னொன்று இது. இது யாருக்கும் இல்லை.

கடைசியாகப் பேனா பிடித்தது பிளஸ் டூ பரீட்சையில். நான்கு வரிக்குள் விரல் வலிக்கிறது. பின்னால் போய் அழிக்க முடியாது, ஸ்டிக்கர் போட முடியாது. என்ன ஆப் இது!

சரி, பயோ எழுதிவிடுகிறேன். பெயர் தெய்வானை. வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் குளித்தலை. தாராபுரத்துக்கு நேற்றுதான் வந்தேன். பெண்கள் விடுதி, மாடியில் ஒற்றை அறை. வேலை மூன்று வாரம். இங்கே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பக்கத்துத் தெருக்களில் இருக்கும் அறுபது வயது தாண்டியவர்களுக்குப் போன் பயன்படுத்தச் சொல்லித்தரப் போகிறார்கள். அதை நடுவில் நின்று நடத்திவைக்க எட்டு ஆசிரியர்களைப் பழக்க வேண்டியவள் நான். ஜூலை 5 அன்று மாவட்டத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். நன்றாக வந்தால் மற்ற பள்ளிகளுக்கும் போகும். சொதப்பினால் என்னோடு முடிந்தது.

எனக்கு பி.எட். கிடையாது. டிகிரியே பாதியில் நிற்கிறது. ஆனால் நான் யார்? "மைக் ஒண்டிமுத்து ரசிகர் படை" பக்கத்தின் அட்மின்! கரூர், திண்டுக்கல் பக்கம் கபடிப் போட்டி என்றால் மைக் பிடிப்பது ஒண்டிமுத்து அண்ணன்தான். அவர் வாயைத் திறந்தால் தோற்கிற டீம்கூடச் சிரிக்கும். அவர் வர்ணனையை வெட்டி ஒட்டிப் போடுவதற்காகவே எடிட்டிங் கற்றேன், வீடியோவில் எழுத்து ஓடவிடக் கற்றேன், எல்லாம் நானாக. அப்புறம் "பெரியவங்களுக்கு போன்" என்று குட்டி வீடியோக்கள் போட்டேன். அதைப் பார்த்துத்தான் இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

என் பக்கத்தில் நாற்பத்தோராயிரம் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் என் முகம் தெரியாது.

விடுதி மெஸ்ஸில் சேமியா உப்புமா. எதிரே காலி நாற்காலி. யாரோ வருவார்கள் என்று என் பையை அதில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

அப்பா கூப்பிடவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

ஜூன் 17, செவ்வாய்

முதல் வகுப்பு. பள்ளி விட்டதும் நாலரையிலிருந்து ஆறு வரை. எட்டுப் பேரும் என்னை "மேடம்" என்கிறார்கள். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

நான் வயதானவளாக நடிப்பது, அவர்கள் கற்றுத்தருவது. முதலில் சுகந்தி டீச்சர் வந்தார். கணக்கு, இருபத்தாறு வருட சர்வீஸ்.

"டீச்சர், எனக்கு அறுபத்தெட்டு வயசு. வீடியோ கால் பண்ணத் தெரியாது, சொல்லிக் குடுங்க."

"இங்க குடுங்" என்று போனைப் பிடுங்கினார். டக், டக், டக். "அவ்வளவுதானுங். பாத்துக்கிட்டீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"இதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று மறுபடி டக், டக், டக்.

எண்ணினேன். பத்து நிமிடத்தில் எட்டுப் பேரும் சேர்ந்து பத்தொன்பது தடவை பிடுங்கினார்கள். பலகையில் பெரிதாக 19 என்று எழுதினேன். "கத்துக்கணும்னா போன் அவங்க கையிலதான் இருக்கணும்" என்று லெக்சர் கொடுத்தேன்.

லெக்சர் நன்றாகத்தான் கொடுக்கிறேன். அப்பாவின் போனை நான் ஒருநாளும் அப்பா கையில் விட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை. "நீ பண்றது படம் ஓடற மாதிரி இருக்கு தெய்வா, எனக்கு ஒண்ணும் நிக்கல" என்பார். தெய்வா என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான்.

கூப்பிட்டது என்று எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

இந்த ஊர்க் காற்று! கொடியில் போட்ட துப்பட்டா பறந்துபோய் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டது. போய்க் கேட்கலாம். அந்த வீட்டில் யாரையும் தெரியாது. விட்டுவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டது! ஐடியா வந்துவிட்டது!

மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே ஒண்டிமுத்து அண்ணன் கிளிப் பார்த்தேன் (தனியாகச் சாப்பிடும்போது இது ஒரு வசதி, யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள்). வழக்கமான டயலாக் விடுகிறார்: "ஆடறவன் ஆடட்டும், நான் பாக்கறதச் சொல்றேன்!" சட்டென்று ஸ்பூனைக் கீழே வைத்தேன். இந்த மனுஷன் கோட்டுக்குள் கால் வைப்பதே இல்லை. வெளியே நின்று வாயால் மட்டும் ஆட்டத்தை நடத்துகிறார். இதுதான்! பிள்ளைகள் ஆட்டக்காரர்கள் இல்லை, வர்ணனையாளர்கள்! கை முதுகுக்குப் பின்னால், வாய் மட்டும் வேலை செய்ய வேண்டும். திரையில் என்ன இருக்கிறது, விரல் எங்கே போகிறது, எங்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலமே சோதித்தோம். பி.டி. சார் லோகநாதன், எல்லாருக்கும் லோகு சார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இதோ கணக்கு டீச்சர் களத்துல எறங்கிட்டாங்க! ஆள்காட்டி வெரலு மேல போகுதுங்க... கேமரா வலது பக்கம் இருக்குதுங்க... டீச்சர் எடது பக்கம் போறாங்க... அய்யோ, அது கால்குலேட்டருங்க! கணக்கு டீச்சர் கணக்குக்கே போய்ச் சேந்துட்டாங்க!"

"லோகு, நாளைக்கு உன்ற விசிலக் காணோம்னு என்கிட்ட வந்து நிக்காத" என்றார் சுகந்தி டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

ஆறு மணிக்கு எட்டுப் பேரும் நான்கு வண்டியில் கிளம்பினார்கள். "வாங்க மேடம், எறக்கி விடறோம்" என்று யாரும் சொல்லவில்லை. மேடம் என்றால் வண்டி இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பெயர் காட்டும் ஆப் "கணேசன் வாழை மண்டி" என்றது. லோன் தருகிறேன் என்பவர்கள் எப்படியெல்லாமோ பெயர் வைத்துக்கொள்கிறார்கள். வெட்டிவிட்டேன்.

தலைக்குக் குளித்தேன். ரசிகர் பக்கத்தில் இரண்டு வீடியோ கிளிப் போட்டேன். ஆயிரத்து இருநூறு லைக்.

அப்பா கூப்பிடவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பிள்ளைகளை வரவழைத்தோம், பதினாறு பேர். அதில் யுவஸ்ரீ என்று ஒரு பெண். தங்கம்! பயம் என்றால் என்னவென்றே தெரியாத தொண்டை. லோகு சார் விளையாட்டு விழா மைக்கையும் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் மைக்கைத் தட்டி "அலோ அலோ, களத்துக்கு வெளிய இருந்து யுவஸ்ரீ" என்றாள். ஒண்டிமுத்து அண்ணனே பெண்ணாகப் பிறந்து யூனிபார்ம் போட்டதுபோல் இருந்தது.

பிரச்சினை பிள்ளைகளிடம் இல்லை, ஆசிரியர்களிடம். கையைக் கட்டச் சொன்னால் வாய் போகிறது, வாயை மூடச் சொன்னால் கை போகிறது. நடத்திவைப்பவர் என்றால் பெரும்பாலும் சும்மா நிற்பவர். அது எவ்வளவு கஷ்டம்! சுகந்தி டீச்சர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். கரும்பலகை டஸ்டர் இரண்டை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"இனி போனப் புடுங்கோணும்னா இதக் கீழ போடோணும். போட்டா சத்தம் கேக்கும். கேட்டா எனக்கே வெக்கமாப் போயிரும்."

ஒன்றரை மணி நேரமும் அப்படியே நின்றார். புடவையெல்லாம் சாக்பீஸ் தூள்.

ஜூன் 28, சனி

பெரியவர்களோடு முதல் நாள். நிதானமாக எழுத வேண்டும்.

ஆரம்பம் அமர்க்களம். பதினோரு பெரியவர்கள் வந்தார்கள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டி வரிசையாக நின்றதைப் பார்த்ததும் ஒரு தாத்தா பதறிவிட்டார். "ஏங்கண்ணு, என்ன தப்புப் பண்ணுனீங்க? அத்தன பேரையும் நிக்க வெச்சுட்டாங்களே!" என்று லோகு சாரிடம் சண்டைக்கே போனார். "பாவம், உக்காரச் சொல்லுங்" என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கையைக் கட்டினால் தண்டனை என்று அர்த்தமாகும் என எனக்குத் தோன்றவே இல்லை.

கனகமணி அம்மா மட்டும் சிரித்தார். எழுபத்தோரு வயது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். தமிழில் அமைத்த போன், பெரிய எழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். "எம்பையன் விக்டரு மஸ்கட்ல இருக்கான். கூப்பிடறதே இல்ல. ஏழு மாசமாச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் உச்சுக்கொட்டினார்.

எனக்கு உடனே திட்டம் தயார். பையனுக்கு வீடியோ கால்! யுவஸ்ரீ, மைக், அந்த அம்மா முகத்தில் சந்தோஷம், மாவட்டத்துக்கு அனுப்ப ஒரு வீடியோ! அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான்தான் மைக்கைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"வேண்டாம் கண்ணு, அவன் வேலையில இருப்பான்" என்றார்.

"சும்மா டிரை பண்ணுங்கம்மா!"

யுவஸ்ரீ ஆரம்பித்தாள். "கனகமணி அம்மா களத்துல! விக்டர்ங்கற பேரத் தொட்டாச்சு... மேல வீடியோ படம்... வெரலு நேரா அங்கதான் போகுது, என்னா ஒரு வேகம்... தொட்டாச்சு! ஒரு பெட்டி வருதுங்க... பெட்டில என்ன எழுதியிருக்குன்னா... 'விக்டரை நீங்கள் தடுத்திருக்கிறீர்கள். அழைக்க வேண்டுமென்றால்...'"

ஸ்பீக்கரில் அவள் குரல் நின்றது. வெளியே காற்று ஜன்னலை அடித்தது.

கனகமணி அம்மா திரையைப் பார்த்தார். அப்புறம், "கை பட்டுருச்சாட்ட இருக்குது" என்றார்.

எனக்குத் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். கை பட்டு அது நடக்காது. மேலே மூன்று புள்ளியைத் தொட வேண்டும், அப்புறம் "தடு" என்பதைத் தொட வேண்டும், அப்புறம் நிச்சயமாகவா என்று கேட்கும், அதற்கும் ஆம் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று இடத்தில் கை பட வேண்டும்.

"ஆமாங்கம்மா, நிறையப் பேருக்கு இப்படிக் கை பட்டிருக்கு" என்றேன்.

யுவஸ்ரீ விடவில்லை. "இல்லீங் மேடம், அது கேட்டுக் கேட்டுத்தானுங் பண்ணும்..."

"இந்த மாடல்ல கேக்காது" என்றேன்.

கனகமணி அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன். அவர் பெட்டியில் "வேண்டாம்" என்பதைத் தொட்டார், சரியாக, ஒரே தடவை. போனைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அலுவலக நோட்டில் எழுதியது: "வருகை 11. பிரச்சினை ஏதுமில்லை."

ஜூன் 29, ஞாயிறு

அறையை விட்டு வெளியே போகவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஆசிரியர்கள் கூட்டம். சனிக்கிழமை எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டி "வாய்ஸ் சூப்பர், எனர்ஜி சூப்பர்" என்று பேசிக்கொண்டிருந்தேன். சுகந்தி டீச்சர் கை தூக்கினார், மாணவிபோல.

"மேடம், எல்லாஞ் சரிங்க. அந்தம்மா மொகத்த நிறுத்திக் காட்டுங்க ஒருக்கா."

நிறுத்தினேன்.

"இருவத்தாறு வருசமா பரீட்சப் பேப்பரு குடுக்கறேனுங். மார்க்க சத்தமாப் படிச்சா சில புள்ளைக மொகம் இப்படித்தான் ஆகும். அதுல இருந்து நான் பேப்பரக் கவுத்து வெச்சுத்தான் குடுக்கறது." அப்புறம், "அன்னைக்கு நான் ரெண்டு கையிலயும் டஸ்டரப் புடிச்சுக்கிட்டு வேடிக்க பாத்துட்டேன். நிறுத்தியிருக்கோணும்" என்றார்.

நிறுத்தியிருக்க வேண்டியவள் நான். அதை அவர் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கனகமணி அம்மா வீட்டுக்குப் போனேன். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் கேட்கவிடவில்லை. மோர் கொடுத்தார்.

"எக்ஸ்சேஞ்சுல இருக்கறப்ப டிரங்க் காலு மூணு நிமிசம். மூணு நிமிசம் ஆச்சுன்னா நாந்தான் வெட்டோணும். அந்தப் பக்கம் அழுதுட்டு இருப்பாங்க. இன்னும் மூணு நிமிசம் வேணுங்களான்னு கேப்பேன், பதில் இல்லைன்னா வெட்டிருவேன். எனக்கா கை படும்?"

நான் மோரைக் குடித்தேன்.

"விக்டரோட அப்பா போனப்ப அவன் வரல. லீவு இல்லீன்னான். சரி. பொட்டி மூடறதுக்கு முன்னால வீடியோவுல வந்தான். சுத்தியும் சனம் நிக்குது, பாஸ்டரு செபம் பண்றாரு, 'போனக் கொஞ்சம் திருப்புங்க, வெளிச்சம் அடிக்குது, அப்பா மொகம் தெரியல'ங்கறான். நாந்தான் திருப்பிக் காட்டுனேன். கை வலிக்க வலிக்கக் காட்டுனேன். மறுநாள் வெட்டிட்டேன்."

"அப்ப ஏம்மா, அவர் கூப்பிடறதில்லன்னு..."

"நான் வெட்டிட்டேன்னு சொன்னா ஏன் வெட்டுனேன்னு கேப்பாங்க. அவன் கூப்பிடலைன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க சாமி. உச்சுக்கொட்டிட்டுப் போயிருவாங்க."

மோரில் உப்பு அதிகம். முழுவதும் குடித்தேன்.

கிளம்பும்போது கேட்டார். "எல்லாந் தெரிஞ்ச புள்ள நீ. அந்த மாடல்ல கேக்காதுன்னு எதுக்குப் பொய் சொன்ன?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். விடுதிக்கு நடந்துதான் போக வேண்டும். பஸ்ஸே கிடையாது.

ஜூலை 2, புதன்

இந்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒரு பொய் இருக்கிறது. பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது, அதனால் கீழே எழுதுகிறேன்.

அப்பா கூப்பிடவில்லை என்று எழுதினேன். அப்பாவால் கூப்பிட முடியாது. நான் தடுத்து வைத்திருக்கிறேன். அக்டோபரில், கோயம்புத்தூரில் இருந்தபோது. சாதாரணக் கால், வாட்ஸாப், இரண்டிலும். ஒவ்வொன்றும் நிச்சயமாகவா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றேன்.

அம்மா போய் அப்போது ஒன்றரை வருடம். அப்பா தினமும் மூன்று வேளையும் கூப்பிடுவார். "சாப்டியா?" அவ்வளவுதான், வேறு விஷயமே கிடையாது. நான் எடிட்டிங்கில் இருப்பேன், "ம்" என்பேன். அன்றைக்கு "சாப்டியா"வுக்கு அப்புறமும் பேசினார். "தெய்வா, நம்ம தெரு டெய்லர் கலாவதி இருக்காங்கல்ல... அவங்களும் தனியாதான் இருக்காங்க. ரெண்டு பேரும் கோயில்ல வெச்சு மாலை மாத்திக்கலாம்னு... தனியா சாப்பிட முடியல தெய்வா. தட்டுக்கு எதிர்ல யாரும் இல்லன்னா எறங்கமாட்டேங்குது."

"சாப்பாட்டுக்காகவா அம்மா எடத்துல ஆள் வைக்கறீங்க?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் வெட்டினேன். அப்புறம் தடுத்தேன்.

வாழை மண்டி கணேசன் மாமா லோன் தருபவர் இல்லை. அப்பா வேலை செய்யும் மண்டியில் பக்கத்து மேஜை. அது யார் சொல்லி வந்த அழைப்பு என்று எனக்கு அப்போதே தெரியும்.

பதினேழு நாளாக மெஸ்ஸில் எதிர் நாற்காலியைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். இறங்கமாட்டேன் என்கிறது.

ஜூலை 3, வியாழன்

ஆசிரியர்களிடம் சொன்னேன்: மைக் வேண்டாம். வர்ணனை பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும். ஆனால் பெயரோ மெசேஜோ வந்தால் பிள்ளைகள் என்ன செய்வது? "வாய மூடச் சொல்லலாம்" என்றார் லோகு சார். "கண்ணு தொறந்துதான இருக்கும்" என்றார் இன்னொருவர்.

சுகந்தி டீச்சர் டஸ்டர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று அடித்தார். டப்! தூள் கிளம்பியது. பிள்ளைகள் திடுக்கிட்டார்கள்.

"இந்தச் சத்தம் கேட்டா அல்லாரும் அப்படியே திரும்பி முதுகக் காட்டி நிக்கோணும். மறுபடி கேட்டாத்தான் இந்தப் பக்கம். எப்ப அடிக்கறதுன்னு நான் மொகத்தப் பாத்து முடிவு பண்ணிக்கறேன்."

அடித்துப் பார்த்தோம். டப்! பதினாறு முதுகு. டப்! பதினாறு முகம். யுவஸ்ரீ மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஏய் வர்ணன, உனக்குத் தனியா ஒண்ணு அடிக்கோணுமா?" என்றார் டீச்சர்.

இதை நான் சொல்லித்தரவில்லை. எந்த வீடியோவிலும் இல்லை. அலுவலக நோட்டில் சுகந்தி டீச்சர் பெயர் போட்டு எழுதினேன். ஜூன் 28 பக்கத்தில் "ஏதுமில்லை" என்பதை அடித்துவிட்டு நடந்ததையும் எழுதினேன். கனகமணி அம்மாவின் பெயர் இல்லாமல், என் பெயரோடு.

ஜூலை 4, வெள்ளி

எதிர் வீட்டில் போய்த் துப்பட்டாவைக் கேட்டேன். மடித்து எடுத்து வைத்திருந்தார்கள். "பதினஞ்சு நாளா யாரும் வரலையேன்னு பாத்தோம்" என்றார்கள்.

ஜூலை 5, சனி

மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர்கள் பதினான்கு பேர். கையைப் பின்னால் கட்டுவது தண்டனை இல்லை என்று லோகு சார் முதலிலேயே அறிவித்தார். அந்தத் தாத்தா அப்போதும் நம்பவில்லை, தன் பேத்தி வயசுப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

கனகமணி அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். பாதியில் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யுவஸ்ரீயைக் கூப்பிட்டார். என்னை இல்லை. யுவஸ்ரீ மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். "கனகமணி அம்மா மறுபடி களத்துல. பேரு வரிசைய மேல தள்ளறாங்க..."

டப்!

பதினாறு முதுகும் திரும்பின. ஆசிரியர்களும் திரும்பினார்கள். மாவட்டத்திலிருந்து வந்தவர்களும் எதற்கென்று தெரியாமலே திரும்பினார்கள். நானும் சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டியிருந்தது. பன்னிரண்டாம் வாய்ப்பாடு முழுக்கப் படித்துவிட்டேன், சத்தமே இல்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், தூரத்துக் குரல், "அம்மா?" என்றது. ஒரே ஒரு தடவை. கனகமணி அம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. காற்று.

இரண்டாவது டப் வர வெகுநேரமானது. திரும்பியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு மூன்று நிமிடத்துக்கு மேல் போயிருந்தது என்பது மட்டும் தெரியும்.

மாவட்டத்தினர் கை கொடுத்தார்கள். அடுத்து ஆறு பள்ளிகளாம். அங்கே டஸ்டரோடு போய்க் காட்டப் போவது சுகந்தி டீச்சர். நான்தான் அப்படிச் சொன்னேன்.

எல்லாரும் போன பிறகு வகுப்பில் தனியாக ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடித்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். தடுத்தவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர். இந்த எட்டு மாதத்தில் அவர் என்னவெல்லாம் எழுதி அனுப்பியிருந்தாலும் அது இனிமேல் வராது. தடையை நீக்கினாலும் வராது. அது இப்படித்தான் வேலை செய்யும். எல்லாருக்கும் நான் சொல்லித்தருகிற விஷயம்.

நீக்கினேன். கட்டைவிரல் அப்பா பெயருக்கு மேல் நின்றது, இறங்கவில்லை. ஒண்டிமுத்து அண்ணன் இருந்தால், ரெய்டர் கோட்டுலயே நிக்கறாரு, நேரம் ஓடுது, என்று கத்தியிருப்பார்.

கதவருகில் சுகந்தி டீச்சர். கைப்பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், கையில் போனைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த இரண்டு டஸ்டரையும் எடுத்தார்.

டப்!

எனக்கு முதுகைக் காட்டி, வராந்தாவைப் பார்த்து நின்றுகொண்டார்.

தொட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. சுகந்தி டீச்சர் வண்டியில் விடுதி வரை கொண்டுவந்து விட்டார். "உங்க பேரு என்னங் மேடம்? கையெழுத்துல வெறும் 'தெ' மட்டுந்தான் இருக்குது" என்று கேட்டார். சொன்னேன்.

அப்பா மூன்றாவது ரிங்கில் எடுத்தார். அலோ என்று சொல்லவில்லை, யாரு என்று கேட்கவில்லை. நேராக, "சாப்டியா தெய்வா?" என்றார், மத்தியானம்கூடப் பேசியதுபோல.

"சாப்டேம்ப்பா" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அப்புறம் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.